அவர் கேட்கும் ஒரு வருஷம்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருஷமாக வேலை. மாற்றி மாற்றி மூன்று ஷிஃப்ட். நான் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. சில வருஷங்களாக அவர் நோட்டில் சிறுவர் கதை எழுதுகிறார். இப்போது திடீரென்று, "ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு நாவலை முடிக்கிறேன், உன் சம்பளத்தில் சமாளி" என்கிறார். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ் என்று ஒரு கறுப்பின எழுத்தாளராம். கார் கம்பெனியில் வேலை பார்த்தவராம். அவர் மனைவியும் நர்ஸாம். அந்த அம்மா சம்பாதித்துப் போட, இவர் எழுதிப் பெரிய பரிசெல்லாம் வாங்கினாராம். "நீயும் அப்படி இருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். மாமியார் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கதைகளை நான் படித்ததில்லை, ட்யூட்டி முடிந்து வந்தால் கண்ணைத் திறக்க முடிவதில்லை. மகள்தான் படிக்கிறாள், "அப்பா கதையில நம்ம தெரு வருதும்மா" என்கிறாள். நான் சம்மதிக்கலாமா?
(பெயர், முகவரி வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது. ஆனால் "முடியாது" என்று ஓரிடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொன்னது பொய்யில்லை. கர்ட்டிஸின் புத்தகங்களை விரும்பிப் படித்தவள் நான், அவர் வாழ்க்கையையும் ஓரளவு தெரிந்துகொண்டவள். உங்கள் கணவர் அந்தக் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லியிருக்கிறார். நடுவில் இருக்கும் 20 வருஷத்தை விட்டுவிட்டார். உங்களுக்கு வேண்டியது அந்த நடுப்பகுதிதான்.

மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்று ஓர் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியால் வளர்ந்த ஊர் அது. கர்ட்டிஸ் 1953-ல் அங்கே பிறந்தவர். அப்பா கால் நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். வருகிற நோயாளிகளுக்குக் காசு கொடுக்க வசதியில்லை, குடும்பம் நடத்தியாக வேண்டும் என்று அவரும் கார் தொழிற்சாலைக்கே போனார். மகனும் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, 1972-ல், ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி முதலாம் ஆலையில் சேர்ந்தார். நகர்ந்து வரும் கார் கூடுகளில் கதவு மாட்டும் வேலை. தூக்கித் தூக்கி மாட்ட வேண்டும், கன்வேயர் நிற்காது. 13 வருஷம் இதைச் செய்தார். பிற்காலத்தில், அங்கே தான் கதவு மாட்டிய பெரிய ப்யூக் ரகக் காரில் ஏறி இறங்குவதே அவருக்குப் பிடிக்காமல் போனதாம். ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவரோடு வாழும் உங்களுக்கு இது புரியும்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அந்த லைனில் கர்ட்டிஸும் இன்னொரு தொழிலாளியும் ஒரு ஜோடி. ஒரு கார் இவருக்கு, அடுத்த கார் அவருக்கு என்பது கணக்கு. அப்படிச் செய்தால் இருவருக்குமே ஒரு நிமிஷம்கூட ஓய்வு கிடைக்காது. இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் தொடர்ந்து 30 காருக்குக் கதவு மாட்டுவது, அதுவரை மற்றவர் உட்காருவது, பிறகு இடம் மாறுவது. உழைப்பு இரட்டிப்புதான், ஆனால் கையில் முழுசாக அரை மணி நேரம் கிடைத்தது. அந்த அரை மணியில் கர்ட்டிஸ் எழுதினார். எழுதும்போது மட்டும் தான் தொழிற்சாலையில் இருப்பதே மறந்துபோனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எழுதியதை யாரும் அச்சிடப் போவதில்லை. இரைச்சலிலும் எண்ணெய் வாடையிலும் அவர் பிடித்துக்கொண்டது எழுதும் பழக்கத்தைத்தான்.

1985-ல் அந்த வேலையை விட்டார். விட்டவுடன் எழுத்தாளர் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கிடங்கில் குமாஸ்தா, கட்டடப் பராமரிப்பு ஆள், ஒரு செனட்டருக்காகத் தேர்தல் வேலை என்று கிடைத்ததையெல்லாம் பார்த்தார். இடையே பகுதிநேரமாகக் கல்லூரிப் படிப்பு. முதல் புத்தகம் வந்தது 1995-ல். அப்போது அவருக்கு வயது 42. தொழிற்சாலையை விட்டதற்கும் புத்தகம் கையில் வந்ததற்கும் நடுவே 10 வருஷம் ஓடியிருக்கிறது. வேலையை விட்டதால் புத்தகம் வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த 10 வருஷத்தை எண்ணிக் காட்டுங்கள்.

இனி அந்த நர்ஸ் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கே (Kay) என்பது அவர் பெயர். கல்யாணத்துக்கு முன்பு கர்ட்டிஸ் ஃப்ளின்ட்டில் இருந்தார், கே கனடாவில் இருந்தார். இருவருக்கும் இடையே கடிதங்கள்தான். அந்தக் கடிதங்களைப் படித்தே, இந்த மனிதருக்கு எழுத வரும் என்று கே தெரிந்துகொண்டார். பல வருஷம் கழித்து, "ஒரு வருஷம் வேலையிலிருந்து விடுப்பு எடு, எழுத முடிகிறதா என்று பார்ப்போம்" என்று சொன்னவரும் அவர்தான். கவனியுங்கள், அந்த வீட்டில் கணவர் கேட்கவில்லை. மனைவி முன்வந்து கொடுத்தார், அதுவும் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "நீயும் அப்படி இருக்கக் கூடாதா" என்று கேட்பதற்கு முன்னால், கேவிடம் படிக்கக் கொடுத்த மாதிரி உங்களிடமும் கொடுத்திருக்க வேண்டும். இதை உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எழுதுகிறவர்களுக்கு வீட்டு ஆட்களிடம் காட்டுவதுதான் பெரிய கூச்சம்.

கிடைத்த வருஷத்தை கர்ட்டிஸ் எப்படிச் செலவழித்தார் தெரியுமா? டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சர் நகரப் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. வேலைக்குப் போகிறவர் மாதிரி அங்கே போய், பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கையாலேயே எழுதினார். எழுதியதைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தது அவர் மகன். உங்கள் வீட்டிலும் முதல் வாசகி ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த மகனால் இன்னொன்றும் நடந்தது. ஃப்ளின்ட்டில் வாழும் வாட்ஸன் குடும்பம் காரில் ஃப்ளோரிடாவுக்குப் போவதாகத்தான் முதலில் கதை. போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் கதை நின்றுவிட்டது. ஒருநாள் மகன் ஒரு கவிதையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். டட்லி ரேண்டல் எழுதியது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்கள் வழிபடும் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதைப் பற்றிய கவிதை. அதைக் கேட்டதும் கர்ட்டிஸுக்கு வாட்ஸன் குடும்பம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. 'தி வாட்ஸன்ஸ் கோ டு பர்மிங்ஹாம் - 1963' அப்படித்தான் உருவானது.

புத்தகத்தின் ஆரம்பத்தை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். எலும்பை உறைய வைக்கும் குளிர். வீட்டுக் கார் ஒரு 1948 ப்ளிமத். பனியைச் சுரண்டச் சொல்லி அனுப்பிய மூத்த பையன் பைரன், காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்து ஒரு முத்தம் கொடுக்கிறான். உதடு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. பேச முடியவில்லை, இழுக்க முடியவில்லை. பத்து வயதுத் தம்பி கென்னி பார்த்துக்கொண்டிருக்கிறான். வயிறு வலிக்கச் சிரித்தபடி படிக்கிறோம். அதே கென்னி கடைசி அத்தியாயங்களில், குண்டுவெடிப்புக்குப் பிறகு, யாரிடமும் பேசாமல் வீட்டில் ஒளிந்துகொள்ளும்போது நமக்குத் தாங்கவில்லை. 13 வருஷம் கார் கதவு மாட்டியவர், தன் முதல் நாவலின் முதல் சிரிப்பை ஒரு கார் கண்ணாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவர் யோசித்துச் செய்தாரா, தானாக வந்து அமைந்ததா தெரியாது, எனக்கு அது ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது. தொழிற்சாலை வருஷங்களை உங்கள் கணவர் வீணான காலம் என்று நினைத்தால், அது தவறு என்று இதை வைத்தே சொல்வேன்.

கையெழுத்துப் பிரதியை ஒரு பதிப்பகம் நடத்திய இளையோர் நாவல் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை, அந்தப் போட்டியின் விதிகளுக்குள் கதை அடங்கவில்லை. ஆனால் படித்த பதிப்பாசிரியர் வெண்டி லேம்ப், இதை எப்படியும் வெளியிட வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். 1996-ல் அந்த முதல் நாவலே, அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரிய பரிசான நியூபெரியில், பதக்கத்துக்கு அடுத்த நிலையான கௌரவ நூல் ஆனது. 1999-ல் 'பட், நாட் பட்டி' வந்தது. 1936-ல், பொருளாதாரப் பெருமந்தத்தில், அம்மாவை இழந்த பத்து வயதுப் பையன் ஒரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தேடிப் போகிற கதை. வழியில் அவனை ஏற்றிக்கொள்ளும் ஆளின் காரில் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் இருக்கும், போலீஸ் நிறுத்தும்போது அதை மறைக்க வேண்டியிருக்கும். அந்த வருஷக் கடைசியில்தான் ஃப்ளின்ட் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கர்ட்டிஸ் பின்னர் கதவு மாட்டிய அதே ஃபிஷர் பாடி ஆலையும் அந்தப் போராட்டத்தின் களம். கதையில் வரும் இரண்டு பெரியவர்களைத் தன் இரண்டு தாத்தாக்களிடமிருந்து எடுத்தார். ஒருவர் இசைக்குழு நடத்தியவர், இன்னொருவர் கறுப்பினத்தவரின் பேஸ்பால் அணியில் பந்து வீசியவர். தன் சின்ன மகள் கட்டிய ஒரு பாட்டைக்கூட அதில் சேர்த்திருக்கிறார்.

2000-ல் அந்தப் புத்தகத்துக்கு நியூபெரி பதக்கமும், கறுப்பின எழுத்தாளர்களுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் சேர்ந்து கிடைத்தன. ஒரே புத்தகம் இரண்டையும் வாங்கியது அதுதான் முதல் முறை. நியூபெரி 1922 முதல் கொடுக்கப்படுகிறது. 1975-ல் வர்ஜீனியா ஹாமில்டனுக்குக் கிடைக்கும்வரை எந்தக் கறுப்பின எழுத்தாளருக்கும் அது போனதில்லை. 1977-ல் மில்ட்ரெட் டெய்லர், அதற்குப் பிறகு கர்ட்டிஸ்தான். கறுப்பின ஆண்களில் அவரே முதல்வர். தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகமே கையில் கிடைக்காமல் வளர்ந்தவர் அவர். ஆகவே உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியை, "நம்ம தெரு வருதும்மா" என்பதை, தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ட்டிஸ் சின்ன வயதில் சொல்ல முடியாமல் போனது அது.

இப்போது உங்கள் கேள்வி. சம்மதிக்கலாமா?

வேலையை விட இப்போது சம்மதிக்க வேண்டாம். ஒன்பது வருஷக் கடனை ஒரே சம்பளத்தின் தலையில் ஏற்றினால் மூன்றாவது மாதமே வீட்டில் பேச்சு கசந்துவிடும், அந்தக் கசப்பில் அவரால் எழுதவும் முடியாது. பி.எஃப். பணத்தில் கை வைக்கும் யோசனை இருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் முழுசாக மறுத்துவிடவும் வேண்டாம். முதலில் அவர் அந்த அரை மணி நேரத்தைக் கண்டுபிடிக்கட்டும். கம்பெனி பஸ்ஸாக இருக்கலாம், ஷிஃப்டுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கலாம். வார விடுமுறையில் ஒரு பாதி நாள் வீட்டு வேலை எதுவும் சொல்லாமல் அவரை மாவட்ட நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். பதிலுக்கு இன்னொரு பாதி நாள் சமையலும் துணியும் அவர் பொறுப்பு, நீங்கள் தூங்க வேண்டும். இதை ஆறு மாதம் செய்து பார்க்கட்டும். பக்கங்கள் சேர்ந்தால், சம்பளமில்லா விடுப்பாக ஒன்றோ இரண்டோ மாதம் கம்பெனியில் கேட்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு வருஷம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். அப்போது அது அவர் கேட்டு வாங்குவதாக இல்லாமல் நீங்கள் கொடுப்பதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பரிசு வரும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். கே கொடுத்தபோது பரிசு எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அவர் படித்துப் பார்த்த எழுத்துதான் கையில் இருந்தது. சிரிக்கிற மாமியார் வீட்டாருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம், அவர்களும் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

நைட் ட்யூட்டி இல்லாத ஒரு நாள் பார்த்து, அந்த நோட்டுகளை அவரிடம் கேட்டு வாங்குங்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் படுத்துக்கொள்ளுங்கள், மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தெரு, யார் வீடு, உங்களை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.