கப்பலில் சமைத்தவரும் ஆள் கடத்தியவரா?

கேள்வி: ஏஜென்டுக்குப் பணம் கொடுத்து, தானாகவே கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போவதும் ஆட்கடத்தல்தானா? சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழில் இரண்டு குற்றங்களையும் ‘ஆட்கடத்தல்’ என்றே எழுதிவிடுகிறோம். அதனால்தான் இந்தக் குழப்பம். ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய்ச் சுரண்டுவது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பது இன்னொன்று. 2000-ல் ஐ.நா. இரண்டுக்கும் தனித்தனி நெறிமுறைகள் கொண்டுவந்தது. ஈழத்தமிழர் பேச்சில் ‘ஏஜென்சி’ எனப்படுபவர் செய்வது இரண்டாவது. இதில் பிடிபட வேண்டியவர் அவர்தான். அப்படி ஏற்றிவரப்பட்டார் என்பதற்காகவே ஒருவர்மீது அந்த நெறிமுறையின் கீழ் வழக்குப் போட முடியாது. அதன் 5-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

நடுக்கடலில் இப்படி ஒரு கப்பலைச் சந்தேகப்பட்டால், அது எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டின் சம்மதம் வாங்கித்தான் ஏறிச் சோதிக்கலாம். கொடியில்லாத கப்பல் என்றால் சம்மதம் தேவையில்லை. ஆனால் ஆபத்தில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் காப்பாற்றியே ஆக வேண்டும்.

நான் அப்போது டொரன்டோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற சரக்குக் கப்பல் 492 ஈழத்தமிழரோடு கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர், “கடத்தல் கப்பலாமே, உங்கள் ஆட்களா?” என்றார். பதில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அந்தக் கப்பலில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. தாய்லாந்து மாலுமிகள் கப்பலை விட்டுவிட்டுப் போய்விட, பயணிகளில் 12 பேர் வேலைகளை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் எஞ்சின் அறையில் எண்ணெய், தண்ணீர் அளவுகளைக் கவனித்தார். இன்னொருவர் சமைத்தார், தொலைநோக்கியோடு காவலும் நின்றார். அதற்காக அவருக்குக் கொஞ்சம் நல்ல சாப்பாடு கிடைத்தது, அவ்வளவுதான். கனடா அதிகாரிகள் இவர்களையும் ஆள் கடத்தியவர்கள் என்று முடிவுகட்டி, அகதிக் கோரிக்கையை விசாரிக்கவே முடியாது என்றார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த வேலைகளை யாரும் செய்யாமல் இருந்திருந்தால் 492 பேரின் கதி என்ன?

2015 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. நாடு கடந்த குற்றக் கும்பலின் வேலையில் ஆதாயத்துக்காக இறங்கியவருக்குத்தான் அந்தத் தடை, தப்பி வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அதில் அடங்காது என்றது. சமைத்தவர், எஞ்சின் பார்த்தவர் ஆகியோரின் வழக்குகள் மறுபடியும் விசாரணைக்குப் போயின.