எல்லாத் தரப்பு ஓட்டும் வாங்கிய தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) டெல்டாவில் ஏன் தேய்ந்தது?

நான் பாபநாசம் பக்கம். எங்கள் ஊரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1996-இல் எனக்குப் பத்து வயது. வாய்க்கால் மதகில் யாரோ த.மா.கா.வின் சைக்கிள் சின்னம் வரைந்துவிட்டு, அவசரத்தில் பெடல் போட மறந்துவிட்டார்கள். மறுநாள் அப்பா கொஞ்சம் பெயின்ட் வாங்கிப் போய் அவரே போட்டுவிட்டு வந்தார். இத்தனைக்கும் அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஜெயலலிதாவோடுதான் கூட்டணி என்று நரசிம்ம ராவ் அறிவித்ததும், கபிஸ்தலத்து மூப்பனார் முடியாது என்று காங்கிரஸை விட்டு வெளியே வந்து த.மா.கா.வைத் தொடங்கினாரே, அது அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. நிலம் வைத்திருந்த பழைய காங்கிரஸ் வீடுகள், காமராஜர் பேரைச் சொன்னாலே உருகும் பெரியவர்கள், ராஜகிரி, பண்டாரவாடை பாய்மார்கள், ரஜினி மன்றத்துப் பையன்கள் எல்லோரும் அந்த ‘முடியாது’வுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். தி.மு.க. கூட்டணியின் பலமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சட்டமன்றத்தில் 40 இடத்தில் நின்று 39, மக்களவையில் நின்ற 20-உம் ஜெயித்தார்கள்.

ஆனால் இவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துக் கட்ட வேறு கயிறு எதுவும் இல்லை. இரண்டு கழகங்களுக்கும் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தது. த.மா.கா.வுக்கு எங்கள் ஊரில் ஒரு கொடிக்கம்பமும் அப்பா மாதிரி நாலு பேரும்தான்.

1999-இல் தி.மு.க. பா.ஜ.க.வோடு சேர்ந்ததும் மூப்பனார் மறுபடி முடியாது என்றார். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. விடுதலைச் சிறுத்தைகளைச் சேர்த்துக்கொண்டு, திருமாவளவனைச் சிதம்பரத்தில் சைக்கிள் சின்னத்திலேயே நிறுத்தினார். எங்கள் காலனிப் பக்கம் அதுவரை சைக்கிளைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட வேலைக்கு வந்தார்கள். அதே வாரம் மிராசு வீட்டுத் திண்ணையில், “ஐயாவுக்கு என்ன ஆச்சு?” என்று முணுமுணுப்பு. கூலித் தகராறு பார்த்த ஊர், அவ்வளவு சீக்கிரம் இரண்டு தரப்பும் ஒரே சின்னத்தில் குத்திவிடுமா? ஒரு இடம்கூட வரவில்லை.

சரி, தோற்றாலும் மரியாதை மிச்சமிருந்தது. 2001-இல் அதே ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்ததும் அதுவும் போயிற்று. ப. சிதம்பரம் வெளியேறினார், சிறுத்தைகள் தி.மு.க. பக்கம் போய்விட்டார்கள். “அப்புறம் எதுக்குடா 96-ல உடைச்சாங்க?” என்று அப்பா என்னிடம் கேட்டார், பதினைந்து வயசுப் பையனிடம்! 23 இடம் கிடைத்தது உண்மைதான். அந்த ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார், அடுத்த வருஷம் அவர் மகன் வாசன் கட்சியைக் காங்கிரஸில் சேர்த்துவிட்டார். மூப்பனார் மறைவால்தான் கட்சி போயிற்று என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் கூட்டணியிலேயே போய்விட்டது.

2014-இல் மறுபடி தொடங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2021-இல் ஆறு இடத்தில் இரட்டை இலையில் நின்றார்கள், ஒன்றும் தேறவில்லை. 2024-இல் பா.ஜ.க. கூட்டணி. அந்தத் தேர்தல் சமயம் ராஜகிரியில் அப்பாவின் பழைய சிநேகிதர் கடையில் உட்கார்ந்திருந்தோம். “என்னங்க, உங்க சைக்கிள் எங்கே போயிடுச்சு பாத்தீங்களா?” என்றார் அவர். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டு, “அது வேற சைக்கிள் பாய்” என்றார்.