கேஐபிஎம்ஐ0 ஏன் ஒரு கோரையே பிடித்துக்கொள்கிறது? லினக்ஸ் டிரைவர் பிஎம்சியோடு எப்படிப் பேசுகிறது?

கேள்வியின் சுருக்கம் இது: அலுவலகத்தில் ஒரு பழைய டூயல் சாக்கெட் சர்வர். யார் எவ்வளவு சிபியு எடுக்கிறார்கள் என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கேஐபிஎம்ஐ0 என்ற கெர்னல் திரெட் ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறது. ஐபிஎம்ஐ டிரைவரையே எடுத்துவிடலாமா? அது உள்ளே யாரோடுதான் அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது?

எடுத்துவிடாதீர்கள். முதலில் அது யாரோடு பேசுகிறது என்று பார்த்துவிடலாம். அதைப் புரிந்துகொண்டால் அந்த சிபியு கணக்கும் தானாகவே புரிந்துவிடும்.

உங்கள் சர்வர் மதர்போர்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதுதான் பிஎம்சி, விரித்தால் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர். பல போர்டுகளில் ஆஸ்பீடு ஏஎஸ்டி2500 என்ற சிப்பைப் பார்க்கலாம்: 800 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் கோர், தனி மெமரி, தனி ஃப்ளாஷ், பெரும்பாலும் தனக்கென்று ஒரு லினக்ஸ். பவர் கார்டைச் செருகியதுமே அது எழுந்துவிடும், நீங்கள் சர்வரை ஆன் செய்யக் காத்திருக்காது. ஃபேன் வேகம், வெப்பநிலை, வோல்டேஜ், பவர் சப்ளை எல்லாம் அதன் பொறுப்பு. அதோடு பேசும் மொழிதான் ஐபிஎம்ஐ. 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து வெளியிட்டது. 2.0 பதிப்பு 2004இல் வந்தது, இன்றுவரை பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது அதுதான்.

சரி, இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே போர்டில். நடுவில் பாதை என்ன? இங்கேதான் பலரும் தவறாக ஊகிக்கிறார்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் மாதிரி ஏதோ அகலமான சாலை இருக்கும், சிபியு கை வைக்காமலே டேட்டா மெமரிக்குப் போகும் டிஎம்ஏ நடக்கும் என்று நினைக்கிறார்கள். இருப்பது கேசிஎஸ் என்ற ஒரு சின்ன ஜன்னல். விரித்தால் கீபோர்டு கன்ட்ரோலர் ஸ்டைல். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது: 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் கீபோர்டை கவனித்துக்கொண்ட 8042 சிப் எந்த முறையில் பிராசஸரோடு பேசியதோ, அதே முறையைத்தான் சர்வர் மேலாண்மைக்கும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக இரண்டே ஐஓ போர்ட்டுகள். ஹெக்ஸில் சிஏ2 டேட்டாவுக்கு. சிஏ3 எழுதினால் கட்டளை, படித்தால் நிலவரம். அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதை டிரைவர் எஸ்எம்பயாஸ் டேபிளின் 38ஆம் வகைப் பதிவிலிருந்தோ ஏசிபிஐயிலிருந்தோ தெரிந்துகொள்ளும். இரண்டும் போர்டில் என்ன இருக்கிறது என்று ஃபர்ம்வேர் லினக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்கள்.

சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாருக்குச் சித்தாள் கீழே இருந்து கலவைச் சட்டி நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் வாங்கிக்கொண்டால்தான் அடுத்த சட்டி. வாங்காத வரை இவர் கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். கேசிஎஸ் அப்படித்தான். ஒரு தடவைக்கு ஒரு பைட். சிஏ3இல் படிக்கும் நிலவர பைட்டில் இரண்டு பிட்டுகள் முக்கியம். ஐபிஎஃப் பிட் 1 என்றால் நாம் வைத்த பைட்டை பிஎம்சி இன்னும் எடுக்கவில்லை. ஓபிஎஃப் பிட் 1 என்றால் பிஎம்சி ஒரு பைட் வைத்திருக்கிறது, நாம் எடுக்க வேண்டும். மேலே உள்ள இரண்டு பிட்டுகள் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும்: சும்மா இருக்கிறது, எழுதுகிறோம், படிக்கிறோம், பிழை.

இருப்பதிலேயே எளிய கட்டளையை எடுத்துக்கொள்வோம், 'நீ யார்' என்று கேட்பது. பிஎம்சியிடம் கேட்க உதவும் ஐபிஎம்ஐடூல் என்ற கருவியில் எம்சி இன்ஃபோ என்று கொடுத்தால் முதலில் போவது இதுதான். அனுப்ப வேண்டியது இரண்டே பைட்: ஹெக்ஸில் 18, 01. இந்த இரண்டுக்காக டிரைவர் செய்வதைப் பாருங்கள். ஐபிஎஃப் 0 ஆகும்வரை காத்திருக்கும். சிஏ3இல் 61 எழுதும், 'எழுதத் தொடங்குகிறேன்' என்று அர்த்தம். மறுபடி காத்திருக்கும். நிலை 'எழுதுகிறோம்' என்று மாறியதா என்று பார்க்கும். சிஏ2இல் 18 வைக்கும். காத்திருக்கும். சிஏ3இல் 62, அடுத்து வருவது கடைசி பைட் என்று அறிவிக்க. காத்திருக்கும். சிஏ2இல் 01.

இப்போது பேச வேண்டியது பிஎம்சி. நிலை 'படிக்கிறோம்' என்று மாறும், ஓபிஎஃப் எழும், டிரைவர் ஒரு பைட்டை எடுக்கும், எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல 68ஐ எழுதும். அடுத்த பைட். மறுபடி 68. முதலில் வருவது 1சி, 01, 00. நடுவில் நாம் கேட்டது, கடைசியில் இருப்பது 'எல்லாம் நலம்' என்ற பூச்சியம். அப்புறம் சாதன எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஐபிஎம்ஐ பதிப்பு, தயாரிப்பாளர் எண். பதிப்பு பைட் கொஞ்சம் விசித்திரமானது: 2.0 என்பது 02 என்று வரும், 1.5 என்பது 51 என்று வரும், இலக்கங்கள் தலைகீழ். எல்லாம் முடிந்து நிலை 'சும்மா இருக்கிறது' என்று திரும்பிய பிறகும் ஓர் உதிரி பைட் இருக்கும். அதையும் எடுத்துப் போட்டால்தான் ஜன்னல் அடுத்த ஆளுக்குத் தயார்.

மேலே எத்தனை தடவை 'காத்திருக்கும்' என்று எழுதினேனோ, உங்கள் டாப்பில் தெரிவது அதுதான். அது கணக்குப் போடும் நேரம் இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரம். பிஎம்சி பைட்டை எடுத்ததும் 'என்னைக் கவனி' என்று ஒரு இன்டரப்ட் சிக்னல் அனுப்பினால் டிரைவர் அதுவரை தூங்கலாம். ஆனால் நிறைய போர்டுகளில் கேசிஎஸ்ஸுக்கு இன்டரப்ட் இணைப்பே கிடையாது. டைமரை மட்டும் நம்பி டிக்குக்கு ஒரு பைட் என்று போனால் ஒரு பதில் வந்து சேர ரொம்ப நேரம் ஆகும். அதனால்தான் ஒரு கெர்னல் திரெட்டை வைத்து நிலவர பைட்டை விடாமல் பார்க்க வைத்தார்கள். அதுதான் கேஐபிஎம்ஐ0. அதற்குக் கொடுத்திருக்கும் நைஸ் மதிப்பு 19, மிகக் கடைசி வரிசை. வேறு யாருக்கும் தேவைப்படாத சிபியு நேரத்தைத்தான் அது எடுக்கிறது. 100 சதவீதம் என்று காட்டினாலும் உங்கள் டேட்டாபேஸின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது அநேகமாக இல்லை. மின்சாரம் கொஞ்சம் வீணாகும், அது உண்மை.

அப்படியானால் உண்மையான கேள்வி, யார் இவ்வளவு கேட்கிறார்கள் என்பது. ஒரு சென்சாரின் மதிப்பைக் கேட்க மூன்று பைட் போகும், ஏழு பைட் அளவுக்குத் திரும்பி வரும். நூறு சென்சார் என்றால் ஏறக்குறைய ஆயிரம் கைமாற்றல். அதற்கு முன்னால் ஒவ்வொரு சென்சாரும் என்ன, எந்த அலகு என்று சொல்லும் எஸ்டிஆர் விவரங்களை வேறு படிக்க வேண்டும், அது இன்னும் நீளம். நான் பார்த்த ஓர் இடத்தில் மூன்று வெவ்வேறு கண்காணிப்பு ஏஜென்ட்டுகள் ஒரே சர்வரில் 30 நொடிக்கு ஒரு முறை எல்லா சென்சாரையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று முடிப்பதற்குள் அடுத்தது வரிசையில். அந்த ஜன்னலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். மூன்று பேரையும் கலக்காமல், யாருடைய பதில் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது மேலே இருக்கும் ஐபிஎம்ஐ மெசேஜ் ஹேண்ட்லரின் வேலை. அது சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, வரிசை மட்டும் குறையவே இல்லை.

அங்கே இருந்த ஒருவர் உங்களைப் போலவே யோசித்து டிரைவர் மாட்யூலைக் கழற்றிவிட்டார். சிபியு வரைபடம் அழகாகக் கீழே இறங்கியது, எல்லோருக்கும் நிம்மதி. சில வாரம் கழித்து இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று போனது. ஏஜென்ட்டுகள் சாதன விவரத்தை எல்லாம் அந்த டிரைவர் வழியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தன, அதனால் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மற்றதும் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பிஎம்சி தன் பதிவேட்டில் முதல் நாளே எழுதி வைத்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு ஏஜென்ட் மட்டும் கேட்கட்டும், இடைவெளியை நிமிடக் கணக்கில் வையுங்கள். ஐபிஎம்ஐடூலில் எஸ்டிஆர் விவரத்தை ஒரு தடவை ஃபைலில் டம்ப் செய்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முறை அதையே பயன்படுத்தலாம், பேச்சு பாதிக்கு மேல் குறையும். அதற்குப் பிறகும் கோர் நிறைந்தே இருந்தால் ஐபிஎம்ஐ எஸ்ஐ மாட்யூலில் கேஐபிஎம்ஐடி மேக்ஸ் பிஸி யூஎஸ் என்று ஒரு அளவுரு இருக்கிறது. எத்தனை மைக்ரோ நொடி சுற்றிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்று அதில் சொல்லலாம். நான் 100இல் ஆரம்பிப்பேன். பதில் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

எதுவும் கேட்காதபோதும் அது நிறைந்தே நிற்கிறது என்றால் பிஎம்சி பக்கம் ஏதோ சிக்கியிருக்கிறது. லினக்ஸ் டிரைவர் ஒரு பிட்டுக்காக 5 நொடி வரை பொறுத்துப் பார்க்கும், பிறகு பேச்சை முறித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் பிஎம்சியை மட்டும் கோல்டு ரீசெட் செய்யுங்கள், அதாவது முழுசாக மறுபடி தொடங்க வையுங்கள். பொதுவாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, சில நிமிடம் சென்சார்கள் மௌனமாக இருக்கும். ஜன்னலே அடைத்திருந்தால் உள்ளிருந்து அனுப்பும் ரீசெட் போய்ச் சேராது, அதன் நெட்வொர்க் போர்ட் வழியாக அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் நேரம் குறித்து சர்வரை நிறுத்தி பவர் கார்டைப் பிடுங்குவதுதான் வழி, ஏனென்றால் சர்வரை ஆஃப் செய்தாலும் பிஎம்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜன்னலில் பாஸ்வேர்டு கேட்பதில்லை. சர்வரில் ரூட் ஆக இருப்பவர் பிஎம்சியின் பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம். ரூட்டை வெளியாருக்குக் கொடுக்கும் சர்வர் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

எல்லா சர்வரிலும் கேசிஎஸ்தான் என்று இல்லை. பிடி என்ற முறையில் முழுச் செய்தியையும் ஒரே மூச்சில் வைத்துவிடலாம். எஸ்எஸ்ஐஎஃப் என்பது எஸ்எம்பஸ் என்ற இரண்டு கம்பிப் பாதை வழியாகப் போவது. ஆனால் உங்கள் சர்வரில் அந்தத் திரெட் சுற்றிக்கொண்டிருக்கிறது, வயதும் நீங்கள் சொன்னதுதான். அநேகமாக கேசிஎஸ்தான்.

இந்த டிரைவரை நான் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கெர்னல் பேனிக் ஆகும் நேரத்தில், அதாவது மீள முடியாத பிழையில் லினக்ஸே நின்றுபோகும்போது, இன்டரப்ட் கிடையாது, எந்தத் திரெட்டும் ஓடாது, டிஸ்க்கில் எழுதவும் வழியில்லை. ஆனால் சிஏ2, சிஏ3 இரண்டும் அப்போதும் இருக்கின்றன. டிரைவர் தானே ஒரு சுற்றில் நின்று, அதே 61, 62 சடங்கை ஒன்று விடாமல் செய்து, பேனிக் வாசகத்தை பிஎம்சியின் பதிவேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு ரெக்கார்டு 16 பைட். அதில் வாசகத்துக்கு மிஞ்சுவது 11. அதனால் 11 எழுத்தாக வெட்டி, வரிசை எண் போட்டு அனுப்பும். இது தானாக நடக்காது. மெசேஜ் ஹேண்ட்லர் மாட்யூலில் பேனிக் ஆப் என்ற அளவுருவை ஸ்ட்ரிங் என்று வைத்திருக்க வேண்டும்.

ஒரு முறை ராத்திரியில் ஒரு சர்வர் விழுந்தது. லாகில் ஒரு வரி இல்லை, கன்சோலை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தால் எஃப்0 வகையில் இரண்டு ரெக்கார்டு, வெறும் ஹெக்ஸ் எண்கள். ஒவ்வொன்றாக எழுத்தாக்கிப் படித்தேன். முதலாவதில் 'ஃபேட்டல் மெஷி'. இரண்டாவதில் 'ன் செக்'. மெஷின் செக் என்றால் பிராசஸரே கண்டுபிடித்துச் சொல்லும் ஹார்டுவேர் பிழை. அதற்கு முந்தைய ரெக்கார்டில் ஒரு மெமரி ஸ்லாட்டின் எண்ணும், திருத்த முடியாத ஈசிசி பிழை என்ற குறிப்பும் இருந்தன. காலையில் போய் அந்த ஸ்லாட்டில் இருந்த டிம்மை, அதாவது மெமரி அட்டையை, மாற்றினோம்.