கையில் இருப்பது மூன்று மணித்தியாலம்: என்ன வேலை செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாயில் வசிக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு, மகன் முன்பள்ளி. பக்கவாதம் வந்த மாமி படுக்கையில் இருக்கிறா. கலியாணத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினேன். இப்போது காலை 9 மணியிலிருந்து 12 மணிவரைதான் நேரம் கிடைக்கிறது. மிளகாய்த்தூள் செய்து விற்கலாமா, தைக்கலாமா? வாட்ஸ்அப்பில் வந்த டேட்டா என்ட்ரி வேலைக்கு 5,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: சகோதரி, அந்த 5,000 ரூபாயைக் கட்டவே வேண்டாம். வேலை தருகிறவர் உங்களுக்குத்தான் காசு தரவேண்டும். "உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள்" என்று யாராவது கேட்டாலும் உடனே விலகிவிடுங்கள். அது பொலிஸ் நிலையம் வரை இழுத்துவிடும்.

அடுத்து, அந்த மூன்று மணித்தியாலத்தைப் பார்ப்போம். படுக்கையில் இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இடையில் தண்ணீர் கேட்பா, உடுப்பு மாற்றவேண்டி வரும். அதனால் பாதியில் எழும்பிப் போனாலும் கெட்டுப்போகாத வேலைதான் உங்களுக்குச் சரிவரும். தாச்சியில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபடும்போது மாமி கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு நிமிடம் பிந்தினாலே கருகி, தூள் முழுக்கக் கசந்துவிடும். அந்த நெடியும் படுக்கையில் இருப்பவருக்கு ஆகாது. தூள் வியாபாரம் நல்ல தொழில்தான், உங்கள் வீட்டின் இன்றைய நிலைக்குத்தான் பொருந்தாது.

தையலை இடையில் நிறுத்தலாம். ஆனால் கூலியைக் கணக்குப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். எட்டால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150. நூல், மின்சாரம் போக ஒரு சட்டைக்கு 300 ரூபாய் மிஞ்சி, அதைத் தைக்க இரண்டரை மணித்தியாலம் போனால் உங்களுக்கு மணித்தியாலத்துக்குக் கிடைப்பது 120 தான். வீட்டில் இருந்து செய்வதால் குறைத்து வாங்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நேரம் இலவசமாகக் கிடப்பதில்லை.

நான் சொல்வது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கு வேலையையே விலைபேசுங்கள். சிறிய கடைகள் பலவற்றில் பில்லுகள் லாச்சிக்குள் குவிந்து கிடக்கும். முழுநேரக் கணக்காளரை வைக்க முதலாளிக்குக் கட்டாது. அந்தப் பில்லுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, திகதிவாரியாக அடுக்கி, கொப்பியிலோ கணினியிலோ பதியலாம். மாமி கூப்பிட்டால், கையில் இருக்கும் பில்லில் ஒரு கிளிப் போட்டுவிட்டு எழும்பலாம். திரும்பி வந்து அதே இடத்தில் தொடரலாம். பழைய முதலாளியிடமே முதலில் கேளுங்கள். "ஏதாவது வேலை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காமல், "கிழமைக்கு நாலு நாள், காலையில், வீட்டிலிருந்து, மாத முடிவில் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து சரிபார்த்துத் தருவேன்" என்று திட்டமாகச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை மாமியைப் பார்ப்பது உங்கள் கணவரின் பொறுப்பு. முதலாளியிடம் போகமுன் அதை வீட்டில் பேசித் தீர்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் இரண்டாம் மாதமே வேலையை விடுகிறார்கள்.

சம்பளம், நேரம், காசு தரும் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவர் உங்களைப் பகுதிநேர ஊழியராக வைத்தால் ஊழியர் சேமலாப நிதி உங்களுக்கும் உரியது. சம்பளத்தில் முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தன் காசில் இன்னும் 3 வீதம் கட்டவேண்டும். துண்டுக்கூலிக்குத் தைக்கும் ஊழியருக்கும் இதுதான் சட்டம். "அரைநாள் வேலைக்கு அதெல்லாம் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இரண்டு மூன்று கடைகளுக்குச் சுயமாகச் செய்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். அங்கேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தித்து, பயிற்சிகள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். கணினி வாங்க நுண்கடன் எடுக்கவேண்டாம். கிழமைத் தவணை கட்டமுடியாமல் எங்கள் பெண்கள் பட்ட பாடு போதும். முதல் மாதங்களுக்கு ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் காணும்.