வாசகர் கேள்வி – பதில்: தாத்தாவுக்கு இரண்டாவது ஞானஸ்நானமா?

கே: எங்கள் தாத்தா 1938-இல் பிறந்தவர், கத்தோலிக்கர், இறந்து சில வருடமாகிறது. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். தாத்தாவின் பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் கேட்கிறான். அவருக்காக ஞானஸ்நானம் எடுக்கப் போகிறானாம். “அப்போ அவரு ஆத்துமா அவங்களுக்குப் போயிருமா?” என்று அம்மச்சி அழுகிறார்.
– வாசகி, களியக்காவிளை

போகாது. அதை மார்மன்களே சொல்வார்கள். அவர்கள் நம்பிக்கையில் இறந்தவர் முதலில் ஆவி உலகத்துக்குப் போகிறார். அங்கே பரதீசு ஒரு பக்கம், ஆவிச் சிறை ஒரு பக்கம். சிறையில் இருப்பவருக்கும் போதனை நடக்கும். ஆனால் தண்ணீரில் முங்க உடம்பு வேண்டுமே? அதனால் உயிரோடிருக்கும் ஒருவர் அவர் பெயரில் முங்கி எழுகிறார். பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில், அவர்களுடைய ஆலயத்துக்குள் மட்டுமே இது நடக்கும். ஆதாரமாக 1 கொரிந்தியர் 15:29-ஐக் காட்டுவார்கள். இந்த ஞானஸ்நானத்தை ஏற்பதும் தள்ளுவதும் இறந்தவருடைய ஆத்துமாவின் இஷ்டம். சபை உறுப்பினர் பட்டியலிலும் பெயர் ஏறாது.

கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்பதே இல்லை. திருவருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-இல் அறிவித்தது. சொல்லும் வார்த்தைகள் ஒன்றுபோல இருந்தாலும் மூவொரு கடவுளைப் பற்றிய நம்பிக்கை வேறு என்பது காரணம்.

அம்மச்சிக்கு முக்கியமான விஷயம் இன்னொன்று. பிறந்து 110 ஆண்டு ஆகாதவர் என்றால், உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பது மார்மன் சபையின் சொந்த விதி. அந்த வரிசையில் முதலில் மனைவி, பிறகு வயது வந்த பிள்ளைகள். பேரன் அதில் முன்னால் வரமாட்டான். அம்மச்சி “வேண்டாம்” என்றால் விதிப்படி அங்கேயே நிற்க வேண்டும். பையனிடம் சண்டை போடாமல் இந்த விதியைச் சொல்லுங்கள், போதும். பங்குக் கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படம் எடுக்க அவன் கேட்டாலும் கிடைப்பது கஷ்டம். மார்மன் வம்சாவளி அமைப்புக்குப் பங்குப் பதிவேடுகளைக் கொடுக்கக்கூடாது என்று 2008-இலேயே வத்திக்கான் கடிதம் வந்துவிட்டது.

கே: ஆவிச் சிறையும் நம் உத்தரிக்கிற ஸ்தலமும் ஒன்றுதானே?
– வாசகர், பாறசாலை

பலரும் சறுக்கும் இடம் இது. உத்தரிக்கிற ஸ்தலம் இரண்டாவது வாய்ப்பு அல்ல. இறந்த உடனே தனித்தீர்வை, அதாவது அந்த ஒரு ஆத்துமாவுக்கான கடவுளின் தீர்ப்பு, முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பவர் மோட்சம் போவது உறுதி, சுத்திகரிப்புதான் பாக்கி. ஆவிச் சிறையிலோ மனம் மாறவே வாய்ப்பு உண்டு.

கடைசி நிலையும் வேறு. 1832-இல் மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கண்டதாகச் சொன்ன தரிசனப்படி மகிமை மூன்று: சூரியன், சந்திரன், நட்சத்திரம் போல. பொய்யரும் விபச்சாரரும்கூடத் தண்டனை அனுபவித்த பின் கடைசி மகிமைக்குப் போவார்கள். ‘வெளி இருள்’ என்ற முடிவில்லாத தண்டனை மிகச் சிலருக்கே. உச்சி நிலைக்கு ஆலயத்தில் ‘முத்திரித்த’ கல்யாணம் வேண்டும். அது சாவுக்குப் பிறகும் தொடரும். நமக்கு மத்தேயு 22:30 இருக்கிறது: திருமண பந்தம் சாவோடு முடிகிறது. அன்பு முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை.

கே: தாத்தாவுக்காக நாங்கள் என்ன செய்யலாம்?
– அதே களியக்காவிளை வாசகி

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக செபித்தால் பரிபூரண பலன் உண்டு, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மீதமிருக்கும் தண்டனை முழுவதும் நீங்கும். அதை ஆத்துமாக்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். நாளுக்கு ஒன்றுதான். பாவசங்கீர்த்தனம் ஒன்று பல நாளுக்குப் போதும். நற்கருணையும் திருத்தந்தையின் கருத்துக்கான செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி. சிறு பாவத்தின் மீதும் பற்று இருக்கக்கூடாது. நம் ஊரில் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கல்லறைக்கு வெள்ளையடித்ததோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நற்கருணை விட்டுப்போகிறது. அப்போது கிடைப்பது குறைபலன்தான். அம்மச்சிக்கு நடக்க முடியாவிட்டால் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடம் சொல்லுங்கள். கல்லறைக்குப் போவதற்குப் பதில் வேறொன்றை மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு.