ஆண்டுக்கு மூன்று முறை நிமோனியா: டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனுக்காக யூலிப் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நான்கு வயது மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ளது. சென்ற ஆண்டு மூன்று முறை நிமோனியாவுக்காக அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். கணவரின் மாதச் சம்பளம் 62,000 ரூபாய். அவருடைய நிறுவனம் தரும் குழுக் காப்பீடு 3 லட்சம். அது போக 1,10,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து செலவானது. நகையை அடகு வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு 60,000 ரூபாய் கட்டும்படி குழந்தைகளுக்கான யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த திட்டம்) ஒன்றில் சேர முகவர் வற்புறுத்துகிறார். சேரலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இப்போது சேர வேண்டாம். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சிக்கே நான் போகவில்லை. யூலிப்பில் போட்ட பணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது, உங்களுக்கோ அடுத்த மழைக்காலத்திலேயே பணம் தேவைப்படலாம்.

நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் ஒரு செலவு எத்தனை காலம் தொடரும் என்று கணிக்க, அது ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு, நோயெதிர்ப்பு அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சிறியதாக இருப்பதும், நோயை எதிர்க்கும் டி, பி அணுக்கள் குறைவாக இருப்பதும், தடுப்பூசி போட்டும் எதிர்ப்பாற்றல் சற்றுக் குறைவாகவே உருவாவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. போதாததற்குக் குறுகிய மூச்சுப்பாதை, தளர்ந்த தசைகள், உணவு புரையேறி நுரையீரலுக்குள் இறங்குவது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று நாளில் போய்விடும் சளி உங்கள் மகனை ஆக்சிஜன் வரை கொண்டுபோவது இதனால்தான். வளர வளரப் பலருக்கு இது குறையும் என்றாலும், அடுத்த சில ஆண்டுகளுக்கு இதை எதிர்பாராத செலவாகக் கருதாமல், பள்ளிக் கட்டணம் போல முன்கூட்டியே தெரிந்த செலவாக வைத்துக்கொள்ளுங்கள். யூலிப்புக்கென்று எடுத்துவைக்க நினைத்த மாதம் 5,000 ரூபாயில் முதலில் நகையை மீட்டு, அதன்பின் வங்கித் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள்.

நீங்கள் அனுப்பிய பில்லில் என் கண்ணை உறுத்தியது அறை வாடகை. உங்கள் பாலிசி நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் தரும். நீங்கள் எடுத்ததோ 5,000 ரூபாய் அறை. நட்டம் அந்த 2,000 ரூபாயோடு நிற்கவில்லை. மருத்துவர் கட்டணம் 18,000 ரூபாயையும் அதே விகிதத்தில் வெட்டி, 10,800 ரூபாய் மட்டுமே தந்திருக்கிறார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. அடுத்த முறை, சேர்க்கும்போதே வரம்புக்குள் உள்ள அறையைக் கேளுங்கள்.

குழுக் காப்பீடு வேலை இருக்கும்வரைதான். ஆகவே மகனுக்குத் தனிப் பாலிசி ஒன்றை இப்போதே தொடங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது; முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குப் பணம் தராத தொடக்கக் காலம்) 36 மாதங்களைத் தாண்டக் கூடாது என்பது 2024 முதல் விதி. டவுன் சிண்ட்ரோமை மறைக்காமல் எழுதுங்கள். அத்துடன், நிமோனியாவையும் முன்பே உள்ள நோயின் விளைவு என்று கணக்கிடுவார்களா என்பதை எழுத்துமூலம் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்; முகவரின் வாய்மொழி இங்கே செல்லாது.

இதற்கிடையில் ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மகனைச் சேர்த்துவிடுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழ் வேண்டும். மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தனித்தனி உச்சவரம்புகளுக்குள், புறநோயாளிச் செலவும் பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளும்கூட அடங்கும். பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும் என்பதால், அதற்கும் அந்த வைப்புத்தொகைதான் கைகொடுக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், உங்களுக்குப் பொருந்தாது.

மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வருமான வரியின் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டென்று பலர் சொல்லியிருப்பார்கள். அது பழைய வரிமுறையில் மட்டும்தான். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால், அதற்காகப் பழைய முறைக்குப் போக வேண்டாம்.

நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையில் இலவசமாகவே உள்ளது. அவன் எல்லாத் தவணைகளையும் போட்டிருக்கிறானா என்று பாருங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய ஃப்ளூ ஊசி அதில் இல்லை. ஒரு நாள் அறை வாடகைக்குள் அடங்கும் செலவு அது. குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மழைக்காலத்துக்கு முன்பே அவனுக்கும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் போட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, செவிலியர் மணிவாரியாகக் குறித்துவைக்கும் ஆக்சிஜன் அளவுத் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். "வீட்டிலேயே பார்த்திருக்கலாம்" என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.