நல்ல கேம் தானாக விற்காதா?

கேள்வி: என் நண்பர்கள் இரண்டு பேர் மூன்று வருடமாக ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். "கேம் நன்றாக இருந்தால் தானாகப் பரவும், அமங் அஸ்ஸுக்கு யார் விளம்பரம் செய்தார்கள்?" என்று சொல்லி, வெளியிடும் நாள் வரை யாருக்கும் காட்டப்போவதில்லை என்கிறார்கள். சரிதானா?
- வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. அவர்கள் காட்டும் உதாரணமே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறது. அமங் அஸ் வெளிவந்தது 2018 ஜூனில். உலகம் அதைக் கவனித்தது 2020-இன் நடுவில், ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, இணையத்தில் நேரலையாக கேம் ஆடும் பெரிய ஸ்ட்ரீமர்கள் ஆடிக் காட்டிய பிறகுதான். இடையில் இரண்டு வருடம் அது அடிப்படையில் அதே கேம்தான். தரம் மட்டுமே போதும் என்றால் 2018-லேயே பரவியிருக்க வேண்டாமா? அதைச் செய்த இன்னர்ஸ்லாத் குழு அந்த இரண்டு வருடத்தைத் தாக்குப்பிடித்தது. உங்கள் நண்பர்களால் முடியுமா என்று கேளுங்கள்.

தனி ஆளாக ஜெயித்தவர் என்று ஸ்டார்டியூ வேலி என்ற கேமைச் செய்த எரிக் பரோனை எல்லோரும் சொல்வார்கள். நாலு வருடத்துக்கு மேல் படம், இசை, நிரல் எல்லாம் அவரே. ஆனால் அவர் ஒளித்து வைக்கவில்லை. கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீம், எந்த கேமை விற்கலாம் என்று ஆடுபவர்களிடமே வாக்கு கேட்க அப்போது வைத்திருந்த கிரீன்லைட்டில் 2012-லேயே அதை வாக்குக்கு வைத்தார். 2016 பிப்ரவரியில் வெளியாகும் வரை, என்ன செய்கிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். வாங்கக் காத்திருந்தவர்கள் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். நம் சமையலறையையே கேமாக்கிய டொராண்டோவின் 'வெண்பா'வும் அப்படித்தான்: 2023 ஜூலையில் வருவதற்கு வெகுகாலம் முன்பே ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுப் பலர் காத்திருந்தார்கள்.

2024-இல் ஸ்டீமில் மட்டும் 18,000-க்கு மேல் புதிய கேம்கள் வந்தன. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வையுங்கள். மூன்று வருட உழைப்பை அந்தக் கூட்டத்தில் பெயர் தெரியாமல் இறக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

விளம்பரத்துக்குப் பணம் கொட்டச் சொல்லவில்லை. அது வீண். மட்டமான கேமை விளம்பரம் காப்பாற்றவும் செய்யாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பதினாலு நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க ஸ்டீமே வழி வைத்திருக்கிறது. ஸ்டீமில் கேமின் பக்கத்தை இப்போதே திறக்கட்டும். அதைப் பார்த்து விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்பும் கேம்களின் பட்டியலில், போட்டவர்களுக்கு, வெளியாகும் நாளில் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். அந்த எண்ணிக்கை கூடினால்தான் 'வரவிருப்பவை' பட்டியலில் கண்ணில் படும். அப்புறம், இந்த வகை கேம்களை விரும்பி ஆடுகிற சின்ன யூடியூபர்களுக்கு இலவசக் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) அனுப்பலாம். அவர்கள் சேனலில் இருக்கும் முகவரிக்கு மட்டும் அனுப்பட்டும். பிரபலங்களின் பெயரில் கீ கேட்டு வாங்கி விற்கிற போலிகள் நிறைய.

வரப்போகும் கேம்களின் டெமோக்களை (இலவசமாக ஆடிப் பார்க்கும் முன்னோட்டங்களை) ஸ்டீம் காட்சிக்கு வைக்கும் விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் டெமோ வைப்பது அவசியம். ஒரு கேமுக்கு ஒரே முறைதான் அதில் இடம். அதனால் அரைகுறை டெமோவோடு அவசரப்பட்டு நுழைய வேண்டாம். அதற்கு முன் அந்த டெமோவை நண்பர்கள் அல்லாத பத்துப் பேர் ஆடட்டும். அவர்கள் எங்கே சலித்து நிறுத்துகிறார்கள் என்று இவர்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.